இழுத்துப் பாரும்மா

தம்பி,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு எழுதுகிற தூரத்துக்கு நீ இன்னும் போகவில்லை. பின்னறையில்தான் இருக்கிறாய். மஸ்கட்டுக்குக் கொண்டுபோகிற அட்டைப் பெட்டியைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு, நைலான் கயிறு போட்டுக் கட்டுகிறாய். கயிறு சர்ரென்று இழுபடுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது. நாளைக்குச் சாயங்காலம் பெரம்பலூரில் பஸ் ஏறிவிடுவாய். அடுத்த அறையில் இருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம், வந்து வாயால் சொல்ல வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாதா? உங்கப்பா போன பிறகு கரும்பு வெட்டு ஆட்களுக்கு மேஸ்திரியாகி, கத்திக் கத்தியே இந்த வாய் இப்படி ஆகிவிட்டது. மெச்ச வேண்டிய இடத்தில்கூட "ஏண்டா எருமை" என்றுதான் ஆரம்பிக்கிறது. எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்குகிறது. உன்னிடம் ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை. மாமா படிக்கட்டும், உன் அக்கா செல்வி படிக்கட்டும், யாராவது இதை நம் தெருவில் நின்று சத்தமாக வாசித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

நீ நாகப்பட்டினத்திலிருந்து படகோடு வந்து இறங்கிய நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருகிறது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டு, ஃபைபர் படகு செய்கிற பட்டறைக்குப் போனவன் நீ. பண்டிகைக்குப் பண்டிகை வந்து போனாய். சுனாமிக்கு முந்தின வருஷம், வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம், லாரியில் ஒரு நீலப் படகை ஏற்றிக்கொண்டு எறையூருக்கு வந்து நிற்கிறாய். மூக்கு உடைந்ததென்று பட்டறையில் ஒதுக்கிப் போட்ட படகாம். நீயே ஒட்டுப் போட்டு, பெயின்ட் அடித்து, முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தாயாம். ஏரியில் மீன் குத்தகை எடுப்பதுதான் உன் திட்டம். எந்த ஏரியில்? அந்த வருஷம் ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டிராக்டர்காரர்கள் நம் வாசலில் வண்டியை மெதுவாக்கி, "என்னக்கா, கப்ப எப்ப கெளம்புது? எங்களுக்கும் ஒரு டிக்கெட் போடு" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். மாசம் திரும்புவதற்குள் எனக்குக் கப்பக்காரம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். ரேஷன் கடையில்கூட "கப்பக்காரம்மா வந்துட்டாங்க, வழி விடுங்க" என்பார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். வீட்டுக்கு வந்து உன்னைப் பிடித்து உலுக்குவேன். நீ சிரிப்பாய். உன் படகு கவிழ்ந்து கிடந்த இடத்தில் என் கோழிகள் அடைகாத்தன, அந்த ஒரு லாபம்தான் அப்போது அதனால்.

அதோடு விட்டாயா? பெரம்பலூரில் வெல்டிங் பட்டறைக்கு நடையாய் நடந்து, பழைய ஜீப் அச்சு ஒன்றைத் தேடிப் பிடித்து, அந்தப் படகுக்கென்றே ஒரு டிரைலர் செய்துகொண்டு வந்தாய். "தண்ணி இல்லாத ஊர்ல படகே தண்டம். அந்தத் தண்டத்துக்கு வண்டி வேறயா?" என்று நான் கத்தினேன். நீ ஒரு பதில் சொன்னாய். "தண்ணில இருக்கிற படகுக்கு ஒன்னும் ஆவாதும்மா. ரோட்டுல போறப்பதான் அது கெட்டுப் போவுது." பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் வெட்டுக்குப் போய்விட்டேன்.

பிறகு மழை வந்தது. சுனாமிக்கு அடுத்த வருஷம் ஐப்பசி கடைசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. செல்வியை வளைகாப்பு வைத்து அழைத்து வர நாள் பார்த்து வைத்திருந்தோம், மழை முந்திக்கொண்டது. கொள்ளிடக் கரையில் அவளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. காலையில் மாமாவின் செல்போனில் மாப்பிள்ளை பேசினார். பள்ளிக்கூட மாடியில் ஊரே ஏறி நிற்கிறது, செல்வியும் அங்கேதான் இருக்கிறாள், இன்னும் வலி வரவில்லை, ஆனால் நேற்றிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாள், படகுகள் எல்லாம் இதைவிட மோசமான ஊர்களுக்குப் போயிருக்கின்றன, எப்போது வருமோ தெரியாது என்றார். முதல் பிள்ளை, நிறைமாசம். நான் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தபோது நீ கோழிகளை விரட்டிவிட்டுப் படகை நிமிர்த்திக்கொண்டிருந்தாய்.

மாமா ஜீப்பை எடுத்து வந்தான். என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, மீசை முளைத்த நாளிலிருந்து கரும்பு லோடு கட்டுகிறவன். அவன் கட்டின லோடு ஆலை வாசலுக்குப் போகிறவரை ஒரு கழி சரிந்ததில்லை. அந்தக் காலையில் தெருவே ஓடி வந்தது. கிண்டல் பண்ணின அதே டிராக்டர்காரர்கள்தான் படகைத் தூக்கி டிரைலரில் வைத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். வைத்த கையோடு நம் ஊர் வழக்கப்படி கட்டவும் தொடங்கிவிட்டார்கள். கரும்பை எப்படிக் கட்டுவோம்? மேலே கயிற்றை வீசி, அந்தப் பக்கம் வாங்கிக் கட்டி, நடுவில் ஒரு கட்டையைச் செருகி, முறுக்கு முறுக்கென்று முறுக்கி, லோடு அமுங்கி மூச்சுவிட முடியாதபடி இறுக்குவோம். பிறகு லோடைப் படாரென்று ஒரு தட்டுத் தட்டி "ரைட்" என்றால் கதை முடிந்தது. அதன்பிறகு ஆலை வாசலில்தான் வண்டி நிற்கும். வழியில் நிறுத்திக் கயிற்றைப் பார்க்கிறவனுக்கு வரிசையில் இடம் போவதோடு மானமும் போய்விடும். "அவுந்த லோடு" என்று பேர் விழுந்துவிட்டால் அவன் பிள்ளைக்குப் பெண் கேட்கப் போகிற வரைக்கும் அந்தப் பேர் கூடவே வரும்.

மாமா கட்டையை முறுக்கினான். படகின் விளிம்பு கிரீச்சென்றது. நீ ஜீப்புக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தாய். "மாமா, கட்டைய எடுங்க! எடுங்க மாமா, வெடிச்சிரும்!"

"டே மாப்ள, நான் கட்டுன கட்டு எது அவுந்திருக்கு? எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"கரும்பு அமுங்கும் மாமா. இது அமுங்காது, ஒடையும். என் படகு மாமா இது, நான் கட்டுறேன்."

கட்டினது அத்தனையையும் நீ அவிழ்த்தாய். தெருவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமா? "ஏண்டா, ஒன் அக்கா அங்க உசுர கையில புடிச்சுக்கிட்டு கெடக்கா, நீ இங்க முடிச்சு அவுத்து வெளையாடுறியா?" என்று மழையிலேயே கத்தினேன். நீ தலையை நிமிர்த்தவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, "போயி சேரணும்மா. பாதி வழில ரோட்டுல கெடந்தா அக்காவுக்கு ஆவுமா?" என்று மட்டும் கேட்டாய். உன் குரலில் கோபம் இல்லை, பயமும் இல்லை. உங்கப்பாவிடம்கூட நான் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை.

நீ கட்டின விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. படகின் அடியில் சாக்கு சுற்றின பலகைகள் இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து, கையை விட்டுத் தடவிப் பார்த்தாய். மூக்கை முன்னால் நிற்கிற இரும்புக் காலில் ரப்பரோடு முட்டுக்கொடுத்து நிறுத்தி, அங்கே ஒரு கயிறு போட்டாய். கயிறு போட்ட பிறகும் தனியாக ஒரு சங்கிலி. "கயிறு அறுந்துச்சுன்னா சங்கிலி இருக்கும்" என்றாய் மாமாவிடம். பின்பக்கத்து இரண்டு மூலைகளிலும் வளையத்திலிருந்து நேரே கீழே, டிரைலர் சட்டத்துக்குக் குட்டையாகக் கட்டினாய். நடுவில் மேலே போட்டது பழைய லாரி பெல்ட் ஒன்றுதான், அதுவும் விளிம்பில் உரசுகிற இடத்தில் சாக்கை மடித்து வைத்து, அளவாகத்தான் இழுத்தாய். துடுப்பு, கழி, வாளி எல்லாம் ஜீப்புக்குள் போயின. கடைசியாகப் படகின் அடியில் கைவிட்டு ஒரு தக்கையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "படகுல ஓட்டை போட்டு எடுத்துக்கிட்டுப் போறவன இன்னைக்குத்தான்டா பாக்குறேன்" என்றான். "மழை பேயுது மாமா. அடைச்சு வச்சா ரொம்பிடும். ரொம்புன தண்ணியோட எடைய இந்த அச்சு தாங்காது" என்றாய். வெளித் தண்ணீரை உள்ளே விடாதிருக்கச் செய்த படகு, ரோட்டில் போகும்போது உள்தண்ணீரை வெளியே விட வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் புத்தியில் தோன்றவே இல்லை.

"எங்க கட்டு ஒன்னுதான். ஒனக்கு எதுக்குடா இத்தன கட்டு?" என்று மாமா கேட்டதற்கு நீ சொன்ன பதிலை நான் அப்போது முழுசாகக் கேட்கவில்லை. பிறகு பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். "கரும்புக்கு எடை இருக்கு மாமா, அதுவே உக்காந்துக்கும். இது வெறும் கூடு. பிரேக் போட்டா முன்னால பாயும், பள்ளத்துல வுழுந்தா எகிறும், லாரி தாண்டுனா சாயும். ஒன்னொன்னுக்கும் தனியாத்தான் கட்டணும்."

ஊர் எல்லை தாண்டி மெயின் ரோடு ஏறுவதற்குள் "மாமா, நிறுத்துங்க" என்றாய். மாமாவுக்கு முகம் கறுத்துப்போனது. அங்கே டீக்கடையில் நம் ஊர் ஆட்கள் நான்கு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்பத்தான்டா கட்டுன!" என்றான். நீ இறங்கிப்போய் ஒவ்வொரு கட்டாகக் கையால் இழுத்துப் பார்த்தாய், சக்கரத்தின் நடுவில் கையை வைத்துச் சூடு பார்த்தாய், திரும்பி வந்து ஏறினாய். டீக்கடையில் ஒருத்தன் சிரித்தது எனக்குக் கேட்டது. அவனுக்குக் கொடுக்க வேண்டியதை நான் மனசில் கொடுத்துக்கொண்டே வந்தேன். பெரம்பலூர் தாண்டி அரியலூர் ரோட்டில் போகும்போது பின்னாலிருந்து உர்ரென்று ஒரு சத்தம், யாரோ முனகுகிற மாதிரி. மறுபடியும் "நிறுத்துங்க மாமா" என்றாய். இந்தத் தடவை நானே கத்தினேன், "நீ இப்படி நிறுத்திக்கிட்டே போனா அவ மாடியிலேயே பெத்துருவாடா பாவி!"

நீ என்னையும் கீழே இறங்கச் சொன்னாய். மழையில் முக்காடு போட்டுக்கொண்டு இறங்கினேன். நடு பெல்ட் காற்றில் அதிர்ந்துதான் அந்தச் சத்தம். நீ அதை அவிழ்த்து ஒரே ஒரு முறுக்குக் கொடுத்துத் திரும்ப மாட்டினாய். அடங்கிவிட்டது. பிறகு பின்பக்கம் போனாய். "இழுத்துப் பாரும்மா" என்றாய். வலது மூலைக் கயிற்றை இழுத்தேன். தொட்டில் கயிறு மாதிரி ஆடியது! எறையூரில் அது கம்பி மாதிரி விறைத்து நின்றதை என் கண்ணால் பார்த்தவள் நான். "நைலான் நனைஞ்சா கொஞ்சம் வுட்டுக் குடுக்கும்மா. யார் கட்டுனாலும் வுட்டுக் குடுக்கும். அதான் நிறுத்துறது" என்று சொல்லிக்கொண்டே இறுக்கினாய். இறுக்கிவிட்டு, "இப்ப இழுத்துப் பாரு" என்றாய். உடம்பின் எடையையெல்லாம் போட்டு இழுத்தேன். அசையவில்லை.

வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். எதிரே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று, ரோடே தன் சொத்து என்பது போல வந்தது. மாமா இடதுபக்கம் ஒடித்தான். அங்கே தண்ணீர் நின்று மறைத்த பள்ளம். ஜீப் இறங்கி ஏறியது, பின்னாலேயே டிரைலரும் விழுந்து எகிறியது, லாரி காற்றை வாரி அடித்துக்கொண்டு தாண்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து திரும்பிப் பார்த்தபோது படகு டிரைலரில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அடி ஓட்டையிலிருந்து மழைத் தண்ணீர் குழாய் மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. அரியலூர் வந்ததும் மாமா தானாகவே வண்டியை ஓரம் கட்டினான். "எறங்கிப் பாரு மாப்ள" என்றான். இருபது டிராக்டர்காரன் முன்னால் மார்தட்டுகிற என் தம்பி, நட்ட நடு டவுனில், பஸ்ஸில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்க, லோடை நிறுத்திப் பார்த்தான். நீ இறங்கும்போது அவனும் கூட இறங்கி இடது மூலையைப் பிடித்து இழுத்தான்.

மிச்சம் ஊருக்கே தெரியும். கொள்ளிடத்துக் கரை ரோட்டில் தார் முடிந்து தண்ணீர் தொடங்கியது. வயல் எது ரோடு எது என்று தெரியாத தண்ணீர். நீ சட்டைப் பையிலிருந்து தக்கையை எடுத்து அடைத்து, படகை இறக்கி, அந்த ஊர்க்காரர் ஒருவரை முன்னால் உட்காரவைத்துக் கழி ஊன்றிக்கொண்டு போனாய். நான் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் இரண்டு பிள்ளைகளும் அந்தத் தண்ணீருக்குள் இருந்தார்கள். எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. மரங்களுக்கு நடுவில் அந்த நீலம் மறுபடி தெரிந்தபோது, நடுவில் என் மகள் மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அம்மா, தம்பி வந்துட்டாம்மா" என்று அங்கிருந்தே அழுதாள். ஏண்டி, எனக்குத் தெரியாதா, நான்தானே அவனைக் கூட்டிக்கொண்டு வந்தேன் என்று நானும் அழுதுகொண்டே திட்டினேன். மாமா அவளை அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பொழுது சாய்வதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். நீ அங்கே வரவில்லை. மாடியில் இன்னும் ஆட்கள் இருந்தார்களே, நீ படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். மறுநாள் நீ ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. அந்தக் கையால் பிள்ளையைத் தூக்கப் பயந்து முழங்கையில் வாங்கினாய். நான் அப்போதும் "குளிச்சியாடா?" என்றுதான் கேட்டேன். கேட்க நினைத்தது அது இல்லை. என் வயிற்றில் பிறந்தவனா இவன் என்று எனக்கு நெஞ்சு விம்மிக்கொண்டிருந்தது, தம்பி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஊரில் இப்போதும் என்னைக் கப்பக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேர் மாறவில்லை, கூப்பிடுகிற குரல் மாறிவிட்டது. போன வாரம் ஆலைப் பக்கம் ஒரு புது ஆள், அது என்ன பேர் என்று கேட்டான். "அவங்க மவன் படகு வச்சிருக்காருங்க" என்று பக்கத்தில் நின்ற டிராக்டர்காரர் சொன்னார். 'ருங்க' என்று உனக்கு மரியாதை போட்டதை நான் கவனிக்காத மாதிரி நின்றுகொண்டேன். எனக்குத் தலை கால் புரியவில்லை.

இனிமேல்தான் புத்தி சொல்ல வேண்டிய இடம். அம்மா என்றால் சொல்லித்தானே ஆக வேண்டும். அங்கே படகுப் பட்டறையில் உன்னைவிட வயசானவர்கள், உன்னைவிட அதிகம் பேசுகிறவர்கள் இருப்பார்கள். மாமாவுக்கு எதிரே நின்ற மாதிரி நில், ஆனால் அன்றைக்குப் போலவே மரியாதை குறையாமல் பேசு. யாராவது அவசரப்படுத்திக் கத்தினால், உன் அம்மாவே கத்தினபோதும் நீ தலையை நிமிர்த்தாமல் கட்டி முடித்ததை நினைத்துக்கொள். புது இடத்துக்குப் போன கொஞ்ச நாளிலேயே ஒரு தடவை நின்று, உடம்பு எப்படி இருக்கிறது, மனசு எப்படி இருக்கிறது, கூட இருக்கிறவன் எப்படிப்பட்டவன் என்று தொட்டுப் பார்த்துக்கொள். சரிப்படவில்லை என்றால் திரும்பி வந்துவிடு. நாலு பேர் சிரிப்பார்களே என்று பார்க்காதே. சிரித்தவர்கள் பிறகு படகு தூக்க வருவார்கள், அதையும்தான் பார்த்துவிட்டோமே. படகைப் பற்றிக் கவலைப்படாதே. ஏரியில் இந்த வருஷம் தண்ணீர் நிற்கிறது, மாமா பார்த்துக்கொள்வான். கோழிகளை நான் வேறு இடத்தில் அடைத்துவிட்டேன்.

செல்வி நாளைக்குக் காலையில் குழந்தையோடு வருகிறாள், உன்னை வழியனுப்ப. அந்தக் குட்டி உன் பெட்டியின் மேல் ஏறி உட்காராமல் இருக்க மாட்டாள். உட்காரட்டும், திட்டாதே. திட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

இதோ, பின்னறையில் கயிறு இழுபடுகிற சத்தம் நின்றுவிட்டது. கூப்பிடுகிறாய். "அம்மா, கட்டிட்டேன். வந்து இழுத்துப் பாரும்மா." வருகிறேன், இரு. அன்றைக்கு அரியலூர் ரோட்டில் ஒரு கயிறும் அவிழ்ந்துவிடக் கூடாதே என்று இழுத்தேன். இன்றைக்கு ஒரு கயிறாவது அவிழ்ந்து தொலையாதா, திரும்பக் கட்டுகிற நேரமாவது நீ என் பக்கத்தில் இருப்பாயே என்றுதான் இழுக்க வருகிறேன். அவிழாது. நீ கட்டினதாயிற்றே.

அம்மா